இருவருக்கு ஒரு கதிரை

டென்மார்க்கின் பிராண்டேயில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஆக, நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலத்தை டிலக்சன் தன் அக்கா நிலக்சியின் காரில், அவளுக்கு வலப்பக்கத்து இருக்கையில் இருந்து, அவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கென்றே ஒதுக்கியிருந்தான். மிச்ச நேரத்தில் பொறாமைப்படவில்லை என்று அர்த்தமில்லை. மிச்ச நேரத்தில் வேறு வேலைகளும் இருந்தன.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல, பெரியம்மாவின் மகள். பதினொரு நாள் மூத்தவள். அந்தப் பதினொரு நாளுக்காக அவன் இருபத்தொரு வருடமாக அவளை அக்கா என்று கூப்பிட்டு வருகிறான். கார் ஓட்டும் சோதனையில் அவள் முதல் தரமே சித்தியடைந்தாள். அவன் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரத்துக்கு நாள் எடுக்காமல் இருக்கிறான். பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் ஒரே பாடநெறி, வணிகப் பொருளியல். அவன் சுவரில் நிறம் நிறமாக நேர அட்டவணை ஒட்டி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிப்பான். அவள் முழுகிவிட்டுத் தலைமயிர் காயும்வரை புத்தகத்தைப் பார்ப்பாள். தலைமயிர் காய்ந்ததும் மூடிவைத்துவிடுவாள்.

டென்மார்க்கில் புள்ளி ஏழு வகை. உச்சம் பன்னிரண்டு. அதற்குக் கீழே பத்து, ஏழு, நாலு. இரண்டு என்றால் மயிரிழையில் சித்தி. அதற்கும் கீழே பூச்சியம். ஒரேயொரு பூச்சியம் போட்டால் ஆளுக்கு உறைக்காது என்றோ என்னவோ, அதை இரண்டு பூச்சியமாகப் போடுவார்கள். கடைசியில் சய மூன்று, அதாவது மைனஸ் மூன்று என்று ஒன்று உண்டு. அது, சோதனைக்கு வந்ததே பிழை என்று சொல்லவேண்டியவர்களுக்கு. புள்ளிவிபரவியலில் நிலக்சிக்குப் பன்னிரண்டு. டிலக்சனுக்குத் தை மாதத்தில் இரண்டு பூச்சியம், ஆவணியில் இரண்டு பூச்சியம். மூன்றாம் தரமும் தவறினால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற வேண்டும். அது சட்டம்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுடைய டிஜிற்றல் தபாற்பெட்டிக்குக் கடிதம் வந்தது. அனுப்பியது, பல்கலைக்கழகத்தின் ஆளுமை ஊக்க நிலையம்.

"அன்புள்ள டிலக்சன், உன்னுடைய புள்ளிகள் எங்களுக்கு முக்கியமல்ல. நீ யார் என்பதுதான் முக்கியம். நீ யார் என்று நாங்கள் கண்டுபிடித்து உனக்கு அறிவிக்கும்வரை, நீ மூன்றாம் சோதனைக்குப் பதிய முடியாது."

அடுத்தநாள் காலை அதைக் காரில் வாசித்துக் காட்டினான். இருவரும் பிறந்தது டென்மார்க்கில். வீட்டில் பெற்றோர் கேட்பதற்கு டெனிசில்தான் பதில் சொல்லுவார்கள். காருக்குள் மட்டும் தமிழ். டெனிசில் ஒருவரை வடிவாகச் சீண்ட முடியாது என்பதைச் சிறுவயதிலேயே கண்டுகொண்டிருந்தார்கள்.

"அது சும்மா ஒரு படிவமடா," என்றாள் நிலக்சி. "இருநூற்றி நாப்பது கேள்வி. நான் முதல் வருசமே நிரப்பினனான்."

"தெரியும். அதாலதானே உன்ர மூஞ்சையைச் சுவரில ஒட்டி வைச்சிருக்கினம்."

"உனக்கு அது கண்ணுக்குள்ள குத்துது."

"எனக்கென்ன குத்துது. கன்ரீனுக்குப் போற வழியில ஒட்டியிருக்கினம், பாக்காமல் போகேலாது. மற்றப் பக்கத்தால போனால் மழை."

அவன் இரண்டு மாதமாக மற்றப் பக்கத்தால், மழைக்குள்ளால்தான் போய்க்கொண்டிருந்தான். சுவரொட்டியில் நிலக்சி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே மூன்று வரி: நேர்த்தி 97. நேர்மை 96. ஊக்கம் உள்ளிருந்து.

நிலையம் புதுக் கட்டடம். வாசற் கண்ணாடியில் ஆளுயர எழுத்தில் 'ஆளுமையே பெறுபேறு' என்று செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே, சப்பாத்துக்கு நாடா கட்டக் குனிபவர்களுக்கு மட்டும் தெரியும்படி, '0,3' என்று, டெனிஸ் முறைப்படி தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்ட ஒரு சின்ன எண். டிலக்சன் நாடா கட்டக் குனிந்தான், கண்டான். அது என்னவென்று விளங்கியிருந்தால் அவன் அங்கே வந்திருக்கவே மாட்டான்.

பணிப்பாளரின் பெயர் பியர்கிட். டென்மார்க்கில் பணிப்பாளரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இங்கே எல்லாரும் சமம் என்பதை, மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

"நாங்கள் இங்கே யாரையும் அளப்பதில்லை," என்று சொல்லிக்கொண்டே அளவுத்தாளை நீட்டினார். "மனிதரை எண்ணாகப் பார்ப்பது பழைய முறை. உன்னுடைய எண்ணை நீ வியாழக்கிழமை பெற்றுக்கொள்ளலாம்."

டிலக்சன் இருநூற்றி நாற்பது கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினான். 'தொடங்கிய வேலையை முடித்தே தீருவேன்' என்ற கேள்வி வந்தபோது கார்ச் சோதனை நினைவுக்கு வர, 'சரியல்ல' என்று புள்ளடி போட்டான். வியாழக்கிழமை முடிவு வந்தது: நேர்த்தி 14. ஊக்கம் வெளியிலிருந்து; பெரும்பாலும் தாயாரிடமிருந்து. அறுபதுக்கு மேல் வரும்வரை சோதனைக்குப் பதிய முடியாது. பரிகாரம், நாலு கிழமைக்கு, ஒரு மாதம் முழுக்க, ஊக்கப் பட்டறை. செவ்வாயும் வியாழனும், பத்து மணிக்கு.

"அந்த நேரத்தில் எனக்குப் புள்ளிவிபர வகுப்பு," என்றான் பட்டறை நடத்தும் யெஸ்பரிடம்.

"வகுப்புக்குப் போக விரும்புகிறாயா?"

"ஓம்."

"ஏன்?"

"சோதனை வருகிறதே."

யெஸ்பர் கவலையோடு தலையாட்டினார். "பார்த்தாயா, வெளி ஊக்கம். முதலில் அதைத்தான் பிடுங்க வேண்டும்."

முதல் நாள் பட்டறையின் தலைப்பு நேரந்தவறாமை. யெஸ்பர் கதவுத் திறப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் அது நாற்பது நிமிடம் பிந்தித் தொடங்கியது. எல்லாரும் வட்டமாக இருந்தார்கள். நடுவில் மெழுகுதிரி, கேக். ஒரு கூழாங்கல் கைமாறி வரும். கல் கையில் இருக்கும்போது, படிக்கத் தோன்றிய கடைசித் தருணத்தைப் பற்றிப் பேச வேண்டும். டிலக்சன் கல்லைப் பிடித்துக்கொண்டு, "இப்போது," என்றான். அதைத் தற்காப்பு மனநிலை என்று யெஸ்பர் குறித்துக்கொண்டார்.

பிறகு ஊக்கப் பதிவேடு தந்தார்கள். மணிக்கொரு தரம், பூச்சியத்தில் இருந்து பத்துக்குள் எவ்வளவு ஊக்கம் என்று எழுத வேண்டும். காரணம் அரைப் பக்கம். டிலக்சன் ஒரு கிழமை எழுதினான். எழுதி முடிக்கும்போதெல்லாம் அடுத்த மணி அடித்துவிடும். இரண்டாம் கிழமை சில மணிகளை விட்டுவிட்டான். பதிவேடு எழுதுவதில் அவனுக்கு ஊக்கம் குறைவு என்று யெஸ்பர் கண்டுபிடித்து, அந்த ஊக்கத்தைப் பதிய இரண்டாவது பதிவேடு ஒன்றைக் கொடுத்தார். மூன்றாம் கிழமை முடிவில் அவன் கையில் நிரப்பிய பதிவேடு இரண்டும், திறக்காத புள்ளிவிபரப் புத்தகம் ஒன்றும் இருந்தன. நாலாம் கிழமை, படிவத்தைத் திரும்பவும் நிரப்பித் தரச் சொன்னார்கள்.

அவனுடைய தகப்பன் குணசேகரத்துக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவரிடம் படிவப் பிரதிகள் நிறைந்த ஒரு நீலக் கோப்பு இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம், வீட்டுக்கோ நேசரிக்கோ குடியுரிமைக்கோ எந்தப் படிவம் வந்தாலும், ஏற்கெனவே சரிவந்த ஒருவருடைய படிவத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிரப்புவதுதான் அங்கிருந்த தமிழரின் வழக்கம். பிராண்டே தொடக்கம் விபோர்க் வரை அந்தப் பிரதிகள் வீட்டுக்கு வீடு போய் வந்தன. ஒருமுறை ஒருவர், பார்த்து எழுதிய வேகத்தில், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருந்த கச்சான்கடலை ஒவ்வாமையையும் தன் மகளின் நேசரிப் படிவத்தில் எழுதிவிட்டார். அந்தப் பிள்ளை மூன்று வருடம் கச்சான் தின்னாமல் வளர்ந்தது. ஆனால் இடம் கிடைத்தது.

"நீ ஏன் தம்பி சொந்தமா எழுதினனீ?" என்று கேட்டார் குணசேகரம்.

"அப்பா, அது என்னுடைய குணத்தைப் பற்றிய கேள்வி," என்று டெனிசில் சொன்னான்.

"இருக்கட்டும். சரிவந்த ஆக்கள் தங்கட குணம் என்னெண்டு எழுதினவை?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நிலக்சியின்ரயை வாங்கு."

"வேண்டாம்."

குணசேகரம் அதற்குள் தொலைபேசியைக் காதில் வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் படிவம் வந்துசேர்ந்தது. கூடவே, 'பாத்து எழுது, 97 வரும்' என்று ஒரு வரி. ஒரு கேள்வி கேட்காமல், ஒரு பகிடி விடாமல் அனுப்பியிருந்தாள். கேட்டவுடன் கொடுப்பவள்மேல் பொறாமைப்படுவது சிரமமான காரியம். டிலக்சன் எப்படியோ சமாளித்தான்.

பார்த்து எழுதத் தொடங்கினான். 'எனக்கு இலக்கு உண்டு': மிகச் சரி. 'தோல்வி என்னைக் கலக்குவதில்லை': மிகச் சரி. அவளுக்குத் தோல்வியைக் கண்ணால் கண்டே பழக்கமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினான். நூற்றியெண்பத்தெட்டாம் கேள்விக்கு வந்ததும் கை நின்றது. 'எனக்கு நெருக்கமானவர்களின் நிலையைக் கண்டு பொறாமைப்படுகிறேன்.' நிலக்சி 'மிகச் சரி' என்று போட்டிருந்தாள்.

இருநூற்றி நாற்பது விடைகளில் அவன் பார்க்காமல் எழுதியிருக்கக்கூடியது அந்த ஒன்றுதான். ஆனால் இவள் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவாள்? சொந்தக்காரர் எல்லாரையும் வரிசையாக எண்ணிப் பார்த்தான். ஒருவரும் சரிவரவில்லை. புள்ளடியைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

மூன்றாம் நாள் இருவரையும் நிலையத்துக்கு அழைத்தார்கள். பியர்கிட் கண் கலங்கி நின்றார்.

"இருபது வருட ஆய்வில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை," என்றார். "இருநூற்றி நாற்பதும் ஒன்று. நீங்கள் இருவர் அல்ல, ஒரே ஆளுமை."

டிலக்சனுக்குப் பயம் வந்துவிட்டது. "நான் பார்த்து எழுதினேன்," என்றான்.

பியர்கிட் தாளைப் புரட்டினார். "நேர்மை 96. இந்த ஆளுமை உள்ளவர் பார்த்து எழுத மாட்டார்."

"உண்மையாகவே எழுதினேன்."

"தன்னைத்தானே குற்றஞ்சாட்டுவதும் இந்த ஆளுமையின் இயல்புதான்." அதையும் எழுதிக்கொண்டார்.

நிலக்சியைப் பார்த்தான். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அது அவளுடைய அன்றைய கடைசிச் சிரிப்பு.

"இப்போது ஒரு சிக்கல்," என்றார் பியர்கிட். "ஒரே ஆளுமை, ஒரே பாடம். ஓரிடத்தில் பன்னிரண்டு, இன்னோரிடத்தில் இரண்டு பூச்சியம். இது உண்மையென்றால் எங்கள் கோட்பாடு பிழை. கோட்பாட்டைக் கண்ணாடியில் செதுக்கியாகிவிட்டது. ஆகவே புள்ளிகள்தான் பிழையாக இருக்க வேண்டும். குழு கூடி ஆராய்ந்தது. ஆளுமை ஒன்றென்றால் சோதனை வாய்ப்புகளும் ஒன்று. மூன்று வாய்ப்பில் இந்த ஆளுமை இரண்டைத் தவறவிட்டிருக்கிறது. பன்னிரண்டு எடுத்தது கணக்கில் வராது. அது இந்த ஆளுமை தன்னைப் பற்றி முழுமையாக அறிய முன்னர் நடந்தது. மிச்சம் ஒரு வாய்ப்பு. தை மாதம் பதினாறாம் திகதி வாருங்கள்."

"நான் ஏற்கெனவே சித்தி," என்றாள் நிலக்சி.

"நீ என்பது யார்?" என்று பியர்கிட் கனிவோடு கேட்டார். "நாங்கள் கேட்க விரும்புவது அதைத்தான்."

"தவறினால்?"

"மூன்று வாய்ப்பும் முடிந்த ஆளுமை வெளியேற வேண்டும். சட்டம் எல்லாருக்கும் சமம்."

அக்கா பாவம் என்று டிலக்சன் நினைத்தான். அதற்கு முன்னர், ஒரு கணம், வேறொன்றை நினைத்தான். அந்தக் கணம் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அவள் லொறிகளை ஒவ்வொன்றாக முந்திக்கொண்டே இருபது கிலோமீட்டர் ஓட்டினாள். பிறகு, "புத்தகத்தை எடு," என்றாள்.

"இப்பவோ?"

"பேந்து எப்ப? எனக்கு இப்ப நாலு பூச்சியம், உன்ர புண்ணியத்தில. எடு."

அன்று தொடங்கி ஏழு கிழமை, நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம், காருக்குள் வகுப்பு நடந்தது. அவன் ஊக்கப் பட்டறைக்குப் போகவில்லை. 97 எடுத்தவனுக்கு அது தேவையில்லை என்று யெஸ்பரே சொல்லிவிட்டார். நிலக்சி வீதியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பாள். பிழையாகச் சொன்னால் காருக்குள் வெப்பத்தை நிறுத்திவிடுவாள். மார்கழி மாதத்து யூட்லாந்துக் குளிரில் அது நல்ல பாடமுறை. சராசரி ஒரு கிழமை, விலகல் ஒரு கிழமை. இரண்டு விசயங்களுக்கு இடையில் உள்ள தொடர்பு என்னும் பாடத்துக்கு வந்தபோது நத்தார்ப் பண்டிகை நெருங்கிவிட்டது.

ஒருநாள் காலை, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த உப்புத் தூவும் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். டிலக்சனால் இனியும் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நூற்றியெண்பத்தெட்டுக்கு ஏன் மிகச் சரி எண்டு போட்டனீ?"

"எது அது?"

"பொறாமை."

"உண்மையைத்தானே கேட்டவை."

"ஆரில பொறாமை?"

"உன்னிலதான்."

"பகிடி விடாதை."

"ஜிம்னாசியம் பள்ளிக்கூடத்தில நீ கணக்கில நாலு எடுத்த அண்டைக்குச் சின்னம்மா நண்டு வாங்கிச் சமைச்சவ. என்னையும் கூப்பிட்டுத் தந்தவ. அண்டைக்கு எனக்குப் பத்து. வீட்ட போய்ச் சொன்னன். அம்மா கேட்டா, மற்ற ரெண்டும் எங்கை எண்டு."

டிலக்சனுக்குத் தாய் சமைத்த அந்த நண்டு நினைவிருந்தது. அவள் ஒரு காலைக்கூட மிச்சம் விடாமல் தின்றதும், அதைப் பார்த்துத் தனக்கு எரிச்சல் வந்ததும் நினைவிருந்தது.

"கார்ச் சோதனையில நீ ரெண்டு தரம் பெயில்," என்றாள் நிலக்சி. "சித்தப்பா என்ன சொன்னவர்? நிலக்சியோட போ எண்டார். எனக்கு ஆரோட போகச் சொல்ல ஆக்கள் இருக்கினம்? சரி, தொடர்பின்ர வர்க்கம் என்னத்தைக் காட்டும்? சொல்லு, இல்லாட்டி நிப்பாட்டுவன்."

அவன் சொன்னான். வெப்பம் நிற்கவில்லை.

தை பதினாறாம் திகதி, வாய்மொழிச் சோதனை. மேசைக்கு அந்தப் பக்கத்தில் விரிவுரையாளரும், எஸ்பியர்க்கில் இருந்து வந்திருந்த ஒரு வயதான வெளிப் பரீட்சகரும் இருந்தார்கள். மூலையில் பார்வையாளராகப் பியர்கிட். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு கதிரை.

"இன்னொரு கதிரை?" என்று நிலக்சி கேட்டாள்.

"ஓர் ஆளுமைக்கு ஒரு கதிரை," என்றார் பியர்கிட். "இருபது நிமிடம், ஒரு புள்ளி."

நிலக்சி இருந்தாள், டிலக்சன் நின்றான். குலுக்கிப்போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்தான்: தொடர்பு. நிலக்சி வரைவிலக்கணம் சொன்னாள், சூத்திரம் எழுதினாள், பத்து நிமிடத்தில் முடித்தாள். பிறகு எழுந்து நின்று கதிரையைக் காட்டினாள். டிலக்சன் இருந்தான். கதிரை சூடாக இருந்தது.

"ஓர் உதாரணம் சொல்," என்றார் பரீட்சகர்.

டிலக்சனுக்குப் புத்தகத்தில் இருந்த உதாரணம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியின் அடியில், சப்பாத்து உயரத்தில் கண்ட எண்தான் வந்தது.

"ஆளுமைக்கும் புள்ளிக்கும் இடையில் தொடர்பு 0,3," என்றான். "நிலையத்தின் வாசலில் எழுதியிருக்கிறது. அதன் வர்க்கம் 0,09. அதாவது மாணவருக்கு மாணவர் புள்ளி வேறுபடுவதில் நூற்றுக்கு ஒன்பது பங்கை ஆளுமையைக் கொண்டு விளக்கலாம். தொண்ணூற்றொரு பங்கை விளக்க முடியாது."

பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூலையைப் பார்த்தார். "அப்படியா?"

"அந்தத் தொண்ணூற்றொன்றை நாங்கள் எதிர்கால ஆய்வு என்று அழைக்கிறோம்," என்றார் பியர்கிட்.

"நீ என்னவென்று அழைப்பாய்?" என்று பரீட்சகர் டிலக்சனைக் கேட்டார்.

அவன் யோசித்தான். "நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்த ஒன்று, காலையில் யாருடைய காரில் போகிறோம் என்பது."

வெளியே ஐந்து நிமிடம் நிற்கவைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். பத்து. பன்னிரண்டு கொடுத்திருக்கலாம் என்றும், ஆனால் அந்த ஆளுமை கடைசிக் கேள்வியில் சிறிது தயங்கியது என்றும் விரிவுரையாளர் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் டிலக்சன் தாய் அருள்நாயகிக்குத் தொலைபேசியில் சொன்னான். முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றவள், கையில் இருந்த சூப்புக் கோப்பையோடு அழுதாள். அவளை அங்கிருந்த டெனிஸ்காரர் ஒருவர் தேற்றுவது தொலைபேசியில் கேட்டது. நிலக்சியும் தாய்க்கு எடுத்தாள். அரை நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

"என்னவாம் பெரியம்மா?"

"மற்ற ரெண்டும் எங்கையாம்."

"என்ன சொன்னனீ?"

"தம்பி வைச்சிருக்கிறான் எண்டு."

மாசி மாதம் நிலையம் சுவரொட்டியை மாற்றியது. இப்போது டிலக்சன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். 'இரண்டு பூச்சியத்தில் இருந்து பத்துக்கு. ஊக்கம் உள்ளிருந்து.' பியர்கிட் அதைத் திறந்துவைத்துப் பேசினார்: "இந்த இளைஞன் எங்கள் கோட்பாட்டில் தொண்ணூற்றொரு வீதம் குறை இருக்கிறது என்று எங்கள் முகத்துக்கு நேரேயே நிறுவினான். எங்கள் பயிற்சி இல்லாவிட்டால் அவனால் அது முடிந்திருக்குமா?" எல்லாரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். டிலக்சன் இப்போதெல்லாம் மழையில்லாத நாளிலும் அந்த வழியால்தான் கன்ரீனுக்குப் போவான், பசியில்லாவிட்டாலும் போவான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. முன்னால் தகப்பனின் தொழிற்சாலைக்குரிய நீளமான லொறி ஒன்று, வீதியளவு நீளமான காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. முந்த வழியில்லை.

"எனக்குக் கடிதம் வந்திருக்கு," என்றாள் நிலக்சி.

"ஆரிட்டை இருந்து?"

"நிலையத்தில இருந்து. பன்னிரண்டில இருந்து பத்துக்கு இறங்கியிட்டனாம். ஊக்கம் கசியுதாம். செவ்வாயும் வியாழனும் பட்டறைக்கு வரட்டாம். முதல்ல புதுசாப் படிவம் நிரப்பட்டாம்."

டிலக்சன் முன்னால் போகும் இறக்கையைப் பார்த்தான்.

"உன்ர படிவத்தை அனுப்பு," என்றாள். "பாத்து எழுத."

"அது உன்ர படிவம்தானேயக்கா."

"என்ர பேரில இறங்கிப் போச்சு. உன்ர பேரில சரிவந்திட்டுது. சரிவந்ததைத்தானே பாத்து எழுதுறது."

அதில் பிழை பிடிக்க இடமில்லை. தொலைபேசியை எடுத்துத் தேடி, அனுப்பினான். அவளுடைய பையில் இருந்து, வந்துசேர்ந்ததற்கான மணி ஒலித்தது. லொறி ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்து, சைகை விளக்கைப் போட்டு, சோதனையில் செய்வதுபோல ஒரு பிழையும் இல்லாமல் முந்தினாள். அவன் வழமைபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூற்றியெண்பத்தெட்டை மட்டும் நீ பாத்து எழுதத் தேவையில்லை," என்றான்.

"நீயும்தான்," என்றாள் நிலக்சி.